சிஸ்டர் பள்ளியில் மகளைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு

பிப்ரவரி முடியும்போதே எங்கள் தெருத் தாய்மார்கள் என்னைத் தேடி வரத் தொடங்கிவிடுவார்கள். 5ஆம் வகுப்பு முடிக்கப்போகும் பெண்ணை டவுனில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் சிஸ்டர் பள்ளியில் சேர்க்க வேண்டும், எப்படிப் போவது, யாரைப் பார்ப்பது என்று கேட்பார்கள். கேட்ட கையோடு அவர்களே பதிலையும் சொல்லிக்கொள்வார்கள்: நாம் கிறிஸ்தவர்கள் இல்லையே, அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது, நமக்கு அங்கே யாரைத் தெரியும்?

நான் திருச்சியில் அப்படியொரு கத்தோலிக்கப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். அப்பாவுக்குத் துவாக்குடியில் லேத் பட்டறையில் வேலை. நாங்கள் இந்துக்கள். எங்களுக்காகப் பரிந்து பேச ஒருவரும் இல்லை. இன்று என் மகளும் சிஸ்டர் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆகவே உறுதியாகச் சொல்கிறேன், அந்த வாசல் உங்களுக்கும் திறந்ததுதான். ஆனால் உள்ளே போனதும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்தப் பிரிவு?

ஒரே மதிற்சுவருக்குள், மாதா சிலை வைத்த குகை போன்ற ஒரே கெபியைச் சுற்றி, இரண்டு மூன்று பள்ளிகள் இருக்கும். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்று. அதற்குள்ளேயே ஆங்கில வழி சுயநிதிப் பிரிவு. அடுத்த கட்டடத்தில் மெட்ரிக் பள்ளி. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு எல்லாமே கான்வென்ட்தான். சீருடைகூடச் சில இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உங்கள் குடும்பத்தின் செலவும், பெண்ணின் பிற்காலச் சலுகைகளும் அவள் எந்தப் பிரிவின் பதிவேட்டில் ஏறுகிறாள் என்பதைப் பொறுத்தவை.

உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. பாடநூல் இலவசம், 10ஆம் வகுப்பு வரை சத்துணவு உண்டு, பஸ் பாஸ் உண்டு, பிளஸ் ஒன் போனால் சைக்கிள் உண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் வேறு சிறு இனங்களுக்கும் கொஞ்சம் பணம் கேட்பார்கள், அவ்வளவுதான். சுயநிதிப் பிரிவிலும் மெட்ரிக் பள்ளியிலும் உங்கள் கட்டணத்திலிருந்துதான் சம்பளம் போக வேண்டும். பாடம் வேறாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். 2011-12இல் சமச்சீர்க் கல்வி எல்லா வகுப்புகளுக்கும் வந்ததிலிருந்து மெட்ரிக் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு.

பிற்காலச் சலுகை என்றேன். புதுமைப் பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய் என்று இருந்தது. 2024 டிசம்பர் 30 அன்று அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. தமிழ் வழி என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே வளாகத்தில், ஒரே மணியடித்து வகுப்புக்குப் போன இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அந்தப் பணம் வரும், மற்றவளுக்கு வராது.

எதிர்ப்பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மகளை டாக்டராக்க வேண்டும் என்பது உங்கள் கனவென்றால், மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. உதவி பெறும் பள்ளியில் எவ்வளவு ஏழைப் பெண் படித்தாலும் அவளுக்கு அது கிடையாது. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021இல் வந்த 7.5 விழுக்காடும் அப்படியே. ஊரில் நல்ல அரசுப் பெண்கள் பள்ளி இருந்து, பெண்ணும் நீட் எழுதும் உறுதியோடு இருந்தால், 6ஆம் வகுப்பிலேயே இதை யோசித்து முடிவெடுங்கள். இதைச் சேர்க்கை மேசையில் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். சொல்வது அவர்கள் வேலையும் இல்லை.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். 5 வரை தமிழில் படித்த பெண்ணை "இங்கிலீஷ் வருமே" என்று 6இல் ஆங்கில வழிக்கு மாற்றும் முன் இதையும் கணக்கில் வையுங்கள். 5 வரை ஆங்கில வழியில் படித்தவளைச் சலுகைக்காகத் தமிழ் வழிக்குக் கொண்டுவந்தால் இந்த 20 விழுக்காடு கிடைக்காது, புதுமைப் பெண் மட்டும் கிடைக்கும். அவளுக்கு அறிவியல் தமிழில் ஏறுமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

விண்ணப்பமும் தாள்களும்

விண்ணப்பம் கொடுக்கும் தேதி பள்ளிக்குப் பள்ளி மாறும். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள். "6ஆம் வகுப்புக்கு உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவில் விண்ணப்பம் எப்போது?" என்று பிரிவின் பெயரோடு கேளுங்கள். வெறுமனே "அட்மிஷன் எப்போது?" என்று கேட்டால், முதலில் நிரம்ப வேண்டிய பிரிவின் படிவம்தான் கைக்கு வரும்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், புகைப்படம், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், பள்ளிக் கல்வித் துறையின் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும் எமிஸ் எண். இவ்வளவுதான் பெரும்பாலும் கேட்பார்கள். எமிஸ் எண்ணைப் பழைய பள்ளியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பள்ளி விடுவித்தால்தான் புதிய பள்ளியின் பட்டியலில் பெண்ணின் பெயர் ஏறும். பழைய தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கி இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள் என்று சிலர் கண் கலங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாற்றுச் சான்றிதழைப் பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைச் சொல்லியே கேளுங்கள். மசியவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழையுங்கள்.

பெயரை எழுதுவதில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, ரேஷன் அட்டையில் தலைப்பெழுத்தே இல்லை என்ற நிலையில்தான் பாதிப் பேர் வருகிறார்கள். 6ஆம் வகுப்பில் படிவத்தில் என்ன எழுதுகிறீர்களோ அதுவே நகர்ந்து நகர்ந்து 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் போய் உட்காரும். அதன்பின் மாற்றுவது பெரும்பாடு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைத் தனித்தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு படிவத்தில் ஏற்றுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கத்தோலிக்கப் பிள்ளை என்றால் திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். சாதிச் சான்றிதழை அதற்கு முன்பே சரிபாருங்கள். கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். இது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம், என் வகுப்புத் தோழிகள் சிலர் இதனால் இழந்தது அதிகம். ஆனாலும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் மாநில அரசு அவர்களையும் சேர்த்திருக்கிறது. பிளஸ் ஒன் போனதும் பள்ளி அலுவலகத்தில் அதைக் கேட்டு விண்ணப்பியுங்கள். பிற்படுத்தப்பட்டோர் என்று சான்றிதழில் இருப்பதால் பலர் தங்களுக்கு இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்காகக் கவுன்சிலர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. எனவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அவர்கள் முன்னுரிமை கொடுப்பது முறையானதுதான். அக்கா படிக்கும் பள்ளியில் தங்கைக்கும், பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் இடம் எளிதில் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். மீதி இடங்கள் நம்மைப் போன்றவர்களுக்குத்தான், அவை குறைவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இலவச இடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. நன்கொடை என்று யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள். இடத்துக்காக நன்கொடை வாங்குவதைத் தமிழகத்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

தலைமையாசிரியையின் அறையில்

சேர்க்கை நாளன்று பெண்ணை அழைத்துப் போங்கள். "மை நேம் இஸ்" என்று தொடங்கும் வரிகளை மனப்பாடம் செய்ய வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். அந்த வரிகளை அன்றைக்கே நூறு பிள்ளைகள் ஒப்பித்திருப்பார்கள்.

போன ஆண்டு எதிர் வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவள் அம்மா விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போய்விடுவார். சிஸ்டர் மதிப்பெண் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "காலையில் உனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்?" என்று கேட்டார். "நானே பின்னிக்கொள்வேன், தங்கச்சிக்கும் நான்தான்" என்றாள். சிஸ்டர் அவள் பின்னலை எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தது. பிறகு தமிழ்ப் பாடநூலை விரித்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள், ழகரத்தைத் தெளிவாகச் சொன்னாள். "காலையில் நேரத்துக்கு வந்துவிடுவாயா?" என்பதுதான் கடைசிக் கேள்வி. வீட்டு நிலைமை, வாசிப்பு, ஒழுங்காக வருவாளா என்ற மூன்றையும் அவர் ஐந்து நிமிடத்தில் அறிந்துகொண்டார். உங்கள் பெண்ணிடமும் இதைத்தான் தேடுவார்கள். ஆகவே வீட்டு நிலைமையை மறைக்காதீர்கள். தகப்பன் இல்லை, அம்மா வீட்டுவேலை செய்கிறார் என்பதெல்லாம் அந்த அறையில் தாழ்வான செய்திகள் அல்ல. 1827இல் குளூனி சபைச் சகோதரிகள் புதுச்சேரிக்கும், 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சகோதரிகள் சென்னைக்கும் வந்து பெண்களுக்குப் பள்ளி நடத்திய மரபில் வந்தவர்கள் இந்த சிஸ்டர்கள். இத்தகைய வீட்டுப் பெண் படிக்க வேண்டும் என்பதில் அவர்களில் பலருக்கு உண்மையான பிடிவாதம் உண்டு.

வெளியே வருமுன் கழிப்பறை எங்கே என்று கேட்டு நீங்களே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? அதற்குப் பிறகு பரிசுக் கோப்பைகளைப் பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மதம் மாற்றிவிடுவார்களா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள், நேராகவே கேட்கலாம். அரசமைப்புச் சட்டம் 28(3) பிரிவு சொல்வது இது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது. மாற்று மதப் பிள்ளைகள்மேல் கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்கக் கூடாது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2024இல் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது.

நடைமுறை எப்படி? எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போவார்கள். நாங்கள் அதே நேரத்தில் நீதிபோதனை வகுப்பில் இருப்போம். காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், திருக்குறள், செய்தி. நண்பகல் 12 மணிக்கு மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும், நாங்கள் எழுந்து நிற்போம். அருள் நிறைந்த மரியே என்ற செபம் எனக்கு இன்றும் மனப்பாடம். எங்கள் வீட்டுச் சமயபுரம் மாரியம்மனுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. தேர்வுக்கு முன் கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மாலையில் பிள்ளையாருக்கும் தோப்புக்கரணம் போட்டவர்கள்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர். பொட்டு, பூ, வளையல், மருதாணி பற்றிய விதிகளைச் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள், பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருக்கும் நாட்களில் உடை எப்படி என்பதையும் கேளுங்கள். உங்கள் மனதுக்கு ஒவ்வாத விதி இருந்தால் சேர்க்கும் முன்பே பேசுங்கள். சேர்ந்த பிறகு பிள்ளையை நடுவில் நிறுத்தி வாதாடாதீர்கள்.

உள்ளே போன பிறகு

முதல் மாதம் பெண் அழுவாள். கலப்புப் பள்ளியிலிருந்து வருகிறவளுக்கு விதிகள் மூச்சு முட்டும். இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும், காலணிக்கு பாலிஷ் வேண்டும், தாமதமாக வந்தால் வாசலில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் சிஸ்டர் வந்து காரணம் கேட்பார். பஸ் தாமதம் என்றால் எந்த பஸ், எந்த நிறுத்தம் என்பது வரை கேட்பார். ரிப்பன், காலுறை எல்லாம் முதல் வாரமே இரண்டு ஜோடி வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் காயாத காலுறைக்காகப் பெண் திட்டு வாங்க வேண்டாம்.

ஆனால் பெண்கள் மட்டும் இருக்கும் பள்ளியில் ஒன்று நடக்கிறது. அங்கே மேசையைத் தூக்க, ஒலிபெருக்கியை இணைக்க, கபடிக்குக் கோடு போட, ஆய்வகத்தில் அமிலக் குடுவையை எடுக்க என்று எதற்கும் பையனைக் கூப்பிட முடியாது. எல்லாவற்றையும் பெண்களே செய்ய வேண்டும். ஆண்டு விழா நாடகத்தில் கட்டபொம்மனும் பெண், ஜாக்சன் துரையும் பெண். பள்ளித் தலைவிக்குத் தேர்தல் நடக்கும். வகுப்பில் வாய் திறக்காத ஒருத்தி எங்கள் ஆண்டில் ஓட்டுக் கேட்டு ஒவ்வொரு வகுப்பாகப் போனாள். இன்று அவள் ஒரு கூட்டுறவு வங்கியில் மேலாளர். ஆகவே பெண்ணை ஏதாவது ஒரு அமைப்பில் சேர்த்துவிடுங்கள். சாரணியர், நாட்டு நலப்பணித் திட்டம், இளம் செஞ்சிலுவை, கோ-கோ அணி, எதுவானாலும் சரி. டியூஷனுக்காக அதை நிறுத்தாதீர்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு இந்தப் பள்ளிகளோடு உடன்பாடு இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனோடு இரண்டு வார்த்தை பேசினால் அதைக் குற்றமாகப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இன்றும் இருக்கிறது. அந்த அச்சத்தோடே வளர்ந்த பெண் கல்லூரியில் திணறுகிறாள். உண்மையாகவே தொல்லை நடந்தாலும் வீட்டில் சொல்லப் பயப்படுகிறாள். வீட்டில் நீங்கள் அதை ஈடுகட்ட வேண்டும். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று கோபமில்லாமல் கேட்டுப் பழகுங்கள். யாராவது தொட்டாலோ மிரட்டினாலோ, அது ஆசிரியரே ஆனாலும், உங்களிடம் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

விடுதியில் விடுபவர்கள் 2014ஆம் ஆண்டு விடுதிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், நல்ல விடுதியில் உரிமத்தை எடுத்துக் காட்டுவார்கள். பெற்றோர் பார்க்கும் நாள், காய்ச்சல் வந்தால் யார் அழைத்துப் போவார்கள், மொபைலில் பேச எப்போது அனுமதி என்ற மூன்றும் தெரிந்தால் போதும். டிரங்குப் பெட்டிக்கு இரண்டு சாவி செய்து ஒன்றை வார்டனிடம் கொடுங்கள்.

பிளஸ் ஒன்

10ஆம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே விண்ணப்பம் கொடுப்பார்கள். அதே பள்ளியில் படித்தவளுக்கும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பாடப்பிரிவு தருவார்கள், தானாகக் கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கணிதம்-உயிரியலுக்குத்தான் போட்டி. கிடைக்காதபோது பெண் கேட்காத பாடப்பிரிவில் உட்கார வைப்பதைவிட, அவள் விரும்பும் பிரிவு உள்ள அரசுப் பள்ளிக்கு மாற்றுவது நல்லது. 2025-26 முதல் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதனால் சில பள்ளிகள் 11இன் பாடத்தை ஓட்டிவிட்டு 12க்குத் தாவக்கூடும். நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் பாதிக் கேள்வி 11இல் இருந்துதான் வரும், 11ஆம் வகுப்புப் பாடத்தை முழுவதும் நடத்துகிறீர்களா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உதவி பெறும் பிரிவில் படித்தவளை பிளஸ் ஒன்னில் சுயநிதிப் பிரிவுக்கு மாற்றச் சொன்னால், மேலே சொன்ன புதுமைப் பெண் கணக்கை நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

பிளஸ் டூ முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில், தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தலைமையாசிரியை கையெழுத்து, பள்ளி முத்திரை, எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்ற விவரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். 1 முதல் 5 வரை படித்த பள்ளியிலும் இதே சான்றிதழை வாங்குங்கள். சின்னப் பள்ளிகள் மூடிவிட்டால் பிறகு பதிவேடு தேடி அலைய நேரும்.